ஹோட்டல் சமையலறைப் பழக்கமும் வீட்டு அடுப்படியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் சமையல் கலை டிப்ளோமா படித்து, ஹோட்டல் சமையலறைகளில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் என் குடும்பத்துக்குச் சமைக்கிறேன். உறவுக்காரர்கள், கீழ் வீட்டுக்காரர்கள், வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் தோழிகள் எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பி மாளவில்லை, அதனால் எழுதிவிட்டேன். சமையல் குறிப்பு எதுவும் இதில் இல்லை, அடுப்படிப் பழக்கங்கள் மட்டும்.

அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தார்கள்? சமைக்க எங்களுக்கே தெரியுமே அக்கா?

தெரியும்தான். கோழிக்கறி வைக்க எந்த செஃப்பும் உங்கள் அம்மாவுக்குச் சொல்லித்தர முடியாது. பயிற்சியின் ஆரம்பத்தில் எங்களைச் சமைக்கவே விடவில்லை. வெட்டு, கழுவு, துடை, தேதி எழுது, இவ்வளவுதான். கேரட்டை ஒரே அளவில் வெட்டச் சொல்லி அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். எரிச்சலாக வரும். ஆனால் சட்டியில் போட்டதும் விஷயம் தெரிந்துவிடும்: சின்னத் துண்டு குழைந்து, பெரிய துண்டு வேகாமல் கிடப்பதற்குக் காரணம் அடுப்பு இல்லை, வெட்டு.

உண்மையில் மாறியது வேலை செய்யும் வரிசை. நம் வீடுகளில் எண்ணெய் காயும்போதுதான் வெங்காயத்தை உரிக்க ஆரம்பிப்போம். கடுகு வெடித்து, உளுந்து சிவந்து, கருகப்போகிற நேரத்தில் கறிவேப்பிலையைத் தேடி ஃப்ரிட்ஜுக்கு ஓடுவோம், அது ஈரமாக இருக்கும், உதறக்கூட நேரமில்லாமல் அப்படியே போட்டு முகத்தில் எண்ணெய் தெறிக்கும். ஹோட்டலில் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எல்லாம் வெட்டி, அளந்து, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மீஸ் ஆன் பிளாஸ் என்று செஃப்கள் பெருமையாகச் சொல்வது இதைத்தான்.

வீடியோக்களில் காட்டுவதுபோல் கறிவேப்பிலைக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம், சீரகத்துக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம் என்று பரப்பாதீர்கள், அதைக் கழுவப்போவது நீங்கள்தான். ஒரே நேரத்தில் சட்டிக்குள் போவதெல்லாம் ஒரே குவியல். தாளிப்புச் சாமான் ஒரு மூலையில், வெங்காயமும் பச்சை மிளகாயும் ஒரு மூலையில், தக்காளி இன்னொரு மூலையில். ஒரு பெரிய தட்டு போதும்.

எல்லாச் சமையலுக்கும் இது தேவை என்றும் நான் சொல்ல மாட்டேன். மீ கோரெங் என்கிற நூடுல்ஸ் பிரட்டல், காங்கோங் கீரைப் பிரட்டல், தாளிப்பு மாதிரி நிமிடக் கணக்கில் முடிகிற வேலைக்கு எல்லாம் தயாராக இருக்கத்தான் வேண்டும். சாம்பாருக்குப் பருப்பு வேகிற அரை மணி நேரம் சும்மா கிடக்கிறதே, காய்கறியை அப்போது வெட்டிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து, ஜாமில் மாட்டி, வீடு வந்து சேர ஏழரை ஆகிறது. எனக்கெல்லாம் இது நடக்குமா?

உங்களுக்குத்தான் இது அதிகம் தேவை. ஹோட்டலில் மதியம் அத்தனை பேருக்கு வேகமாகச் சாப்பாடு போவதற்குக் காரணம் வேகமான கை இல்லை, முந்தின நாள் செய்து வைத்த வேலை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, செராய் (எலுமிச்சைப் புல்) சேர்த்து எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை வதக்கி ஆறவையுங்கள். சம்பால், மீன் பிரட்டல், மீ எல்லாவற்றுக்கும் இதுதான் அடித்தளம். ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, தட்டையாகத் தட்டி ஃப்ரீசரில் வையுங்கள். உருண்டையாக உறையவிட்டால் இளக ஒரு யுகம் ஆகும். தட்டையாக இருந்தால் வேண்டிய அளவு ஒடித்துச் சட்டியில் போடலாம்.

இஞ்சி பூண்டு விழுதை எண்ணெய் ஊற்றி மூடி, கேஸ் அடுப்பு மேடையிலேயே வைத்திருக்கும் வீடுகள் நிறைய. தயவுசெய்து வேண்டாம். எண்ணெய்க்குள் காற்று போகாது, காற்றில்லாத இடத்தில் வளர்ந்து நஞ்சைச் சுரந்து பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமிக்கு எண்ணெயில் மூழ்கிய பூண்டு தோதான இடம். வாசனையில் தெரியவே தெரியாது. ஃப்ரிட்ஜில் சில நாளுக்கு மேல் வைக்காதீர்கள், அதற்குமேல் வேண்டுமானால் ஃப்ரீசர்.

பையின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயரும் தேதியும் எழுதுங்கள். ஃப்ரீசருக்குள் போன பிறகு சம்பாலும் தக்காளித் தொக்கும் ஒரே நிறம். பழையது முன்னால், புதியது பின்னால். எங்கள் செஃப் அந்த டேப்பைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டாமல் கையால் கிழித்தால்கூடத் திட்டுவார். வீட்டில் கிழித்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.

கத்தி எத்தனை வாங்க வேண்டும்? மரக்கட்டையில் செருகி விற்கிறார்களே, அந்த செட் நல்லதா?

செட் வாங்காதீர்கள். பாதிக் கத்திகள் அந்தக் கட்டையிலேயே இருந்து துருப்பிடிக்கும். 20 சென்டிமீட்டர் அளவில் ஒரு செஃப் கத்தி, பழத்துக்கு ஒரு சின்னக் கத்தி, ரொட்டி வெட்ட ஒரு பல்லுக் கத்தி. முடிந்தது. எலும்போடு வெட்ட வேண்டிய கோழியையும் பெரிய தெங்கிரி மீனையும் சௌகிட் மார்க்கெட்டிலோ உங்கள் பேட்டை மார்க்கெட்டிலோ வெட்டித்தரச் சொல்லுங்கள், அவர்கள் வெட்டுக்கத்திக்கு முன்னால் நம் கத்தி விளையாட்டுச் சாமான். அரிவாள்மணையில் பழகியவர்கள் அதிலேயே வெட்டுங்கள். அதில் வேகமாக வெட்டும் அத்தைகளை எந்தச் செஃப்பும் ஜெயிக்க முடியாது.

கத்தியின் விலையைவிட முக்கியம் கூர். மழுங்கின கத்திதான் கையை வெட்டும், ஏனென்றால் அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்தும்போது வழுக்குகிறது. தக்காளித் தோலில் அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் தீட்ட வேண்டிய நேரம். செஃப்கள் உரசுகிற நீளமான இரும்புக் கம்பி தீட்டுவதற்கு இல்லை, மடங்கிய விளிம்பை நிமிர்த்துவதற்கு. தீட்டத் தண்ணீர்க் கல் வேண்டும். 1000 என்று எண் போட்ட கல் வீட்டுக்குப் போதும், கத்தியைக் கல்லோடு 15 முதல் 20 டிகிரி சாய்வில் வைத்து, இரண்டு பக்கமும் சமமாக. கல் இல்லாத வீட்டில் பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்தால் அடியில் மெருகில்லாமல் சொரசொரப்பாக ஒரு வளையம் இருக்கும், அவசரத்துக்கு அதில் தீட்டலாம்.

பிடிக்கும் விதம்: கைப்பிடியை முஷ்டியாகப் பிடிக்காமல், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கத்தியின் தகட்டையே கிள்ளிப் பிடிக்க வேண்டும். காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகள் உள்ளே மடங்கி, நடு மூட்டு கத்தியை உரசிக்கொண்டிருக்க வேண்டும். நுனி வெளியே நீண்டிருந்தால் என்றாவது ஒருநாள் வெட்டுப்படும். வெட்டுப் பலகைக்கு அடியில் ஈரத்துணி விரியுங்கள், பலகை அசையாது. காசே செலவில்லாத பழக்கம், ஆனால் நான் போகிற வீடுகளில் பலகை ஆடிக்கொண்டேதான் இருக்கிறது.

வெங்காயத்துக்கு மட்டும் ஒரு வழி சொல்கிறேன். வேர்ப்பக்கத்தை வெட்டி எறியாதீர்கள். அது இருக்கட்டும், நெட்டாக இரண்டாகப் பிளந்து, தோலை உரித்து, தட்டையான பக்கத்தைப் பலகையில் கவிழ்த்து வையுங்கள். வேர்வரை போகாமல் நெடுக்காகக் கீறல்கள் போடுங்கள். அப்புறம் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் துண்டுகள் ஒரே அளவில் உதிரும், வேர் இழுத்துப் பிடித்திருப்பதால் அடுக்குகள் சிதறாது. கடைசியில் வேர் மட்டும் கையில் மிஞ்சும்.

கத்தியைச் சோப்புத் தண்ணீர் நிரம்பிய சிங்க்குக்குள் போடாதீர்கள், அடுத்தவர் தெரியாமல் கைவிடுவார். கை தவறிக் கீழே விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், காலை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்துவிடுங்கள்.

ராத்திரி மிஞ்சின சோற்றை அடுப்படியிலேயே மூடி வைத்து, காலையில் நாசி கோரெங் என்று பிரட்டிப் போடுகிறோம். காலங்காலமாகச் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். சோறு கொதிக்கும்போது அவை சாவதில்லை. சோறு மெல்ல ஆறி வெதுவெதுப்பாக நிற்கும்போது முளைத்துப் பெருகி, வாந்தி எடுக்கவைக்கும் நஞ்சைச் சோற்றிலேயே விட்டுவைக்கும். காலையில் குவாலியில் (வாணலியில்) எவ்வளவு சூடாகப் பிரட்டினாலும் அந்த நஞ்சு அழியாது. "நன்றாகச் சூடுபண்ணிட்டேனே" என்று சொல்வதில் பயனில்லாமல் போவது இதனால்தான். வாந்தி எடுத்தாலும் நாம் சோற்றைச் சந்தேகப்பட மாட்டோம், நேற்று மாமாக் கடையில் சாப்பிட்டதைத்தான் திட்டுவோம்.

சமையல் பள்ளிகளில் 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரைக்கும் அபாய எல்லை என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள். சமைத்த உணவு அந்த எல்லைக்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது, சுற்றியுள்ள வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க விவசாயத் துறை சொல்லும் கணக்கு. நம் ஊர் மதிய வெயிலையும் ஜன்னல் இல்லாத அடுப்படியையும் நினைத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போடுங்கள். குளிர் நாட்டுக்காரன் எழுதின சமையல் புத்தகத்தில் "மேசைமேல் ஆறவிடவும்" என்று இருந்தால் அது அவன் ஊருக்கு.

செய்ய வேண்டியது: மிஞ்சின சோற்றை அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி, காற்றாடிக்குக் கீழே வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும். உடனே டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில். நாசி கோரெங்குக்கும் அந்தச் சோறுதான் நல்லது, குளிர்ந்து உதிரியாக இருக்கும், குவாலியில் ஒட்டாது. ரைஸ் குக்கரில் 'வார்ம்' ஓடிக்கொண்டிருந்து சோறு 60 டிகிரிக்கு மேலேயே இருந்தால் பிரச்சினை இல்லை. சுவிட்சை அணைத்துவிட்டு மூடியைத் திறக்காமல் அதிலேயே விட்டுவிடுவதுதான் மோசம்.

பெரிய சட்டிக் கறியை அப்படியே ஃப்ரிட்ஜில் தூக்கி வைப்பதும் சரியில்லை. நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும், பக்கத்திலிருக்கும் பாலும் சூடாகும். ஆழம் குறைந்த டப்பாக்களில் பிரியுங்கள். அவசரமென்றால் சிங்க்கை அடைத்து, தண்ணீரும் ஐஸ்கட்டியும் போட்டு, சட்டியை அதில் இறக்கிக் கிண்டிக்கொண்டே இருங்கள். ஹோட்டலில் பின்பற்றும் கணக்கு, 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள். தேங்காய்ப்பால் ஊற்றின கறிக்கு இந்த அளவுக்கெல்லாம் பொறுமை காட்டாதீர்கள், கொஞ்சம் அசந்தால் புளித்துவிடும்.

அப்போ பழைய சோறு?

அது வேறு. தண்ணீர் ஊற்றி, தெரிந்தே புளிக்கவைப்பது அது, மூடி மறந்துபோன சோறு இல்லை. புளிப்பு ஏறும்போது கெட்ட கிருமிகளுக்கு வளர்வது கஷ்டமாகும். ஆனாலும் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் நான் கொடுப்பதில்லை. மற்றபடி மோரும் சின்ன வெங்காயமும் இருந்தால் நானே சாப்பிடுவேன்.

மிச்சக் கறியைத் தினமும் ஒரு கொதி விட்டு வைத்தால் போதும் என்கிறார் மாமியார்?

ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் அதுதான் வழி. இப்போது, சாப்பிடப்போகிற அளவை மட்டும் தனியாக எடுத்து ஆவி பறக்கச் சூடாக்குங்கள், 74 டிகிரி. முழுச் சட்டியையும் நாலு தடவை சூடாக்கி நாலு தடவை ஆறவிட்டால் அபாய எல்லையை எட்டு தடவை கடக்கிறது, உருளைக்கிழங்கும் கரைந்துபோகும். மாமியாரிடம் இரண்டாவது காரணத்தை மட்டும் சொல்லுங்கள்.

கோழியைக் கழுவவே கூடாதாமே? மஞ்சள் போட்டுக் கழுவாமல் எப்படிச் சமைப்பது?

பாடப்படி கழுவக்கூடாதுதான். பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர் மாதிரிக் கிருமிகள் இருக்கலாம். குழாயைத் திறந்து கழுவும்போது அந்தத் தண்ணீர் தெறித்துப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த தட்டு, சாலட் வெள்ளரி, பால் பாட்டில்வரை போகும். கிருமியைக் கொல்வது சூடு, தண்ணீர் இல்லை. மஞ்சளையும் அதற்கு நம்ப வேண்டாம்.

ஆனால் மார்க்கெட்டில் வெட்டி வாங்கும் கோழியில் இறகு முளையும் எலும்புத் தூளும் உறைந்த ரத்தமும் இருக்கும். கழுவாமல் சமைத்தால் நம் வீட்டில் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள், எனக்கும் மனசு வராது. அதனால் நான் செய்வது: முதலில் சிங்க்கைச் சுற்றி இருக்கும் பாத்திரங்களை அகற்றிவிடுவேன். சிங்க்குக்குள் ஒரு பெரிய சட்டியில் தண்ணீர் பிடித்து, குழாயை மூடிவிட்டு, கோழியை அதில் மெதுவாக இறக்கி உப்பும் மஞ்சளும் போட்டு அலசுவேன். தண்ணீரைத் தெறிக்காமல் சாய்த்துக் கொட்டுவேன். சிங்க்கையும் குழாய்ப் பிடியையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, கையையும் கழுவிவிட்டுத்தான் மற்ற வேலை. குழாய்ப் பிடியை எல்லாரும் மறந்துவிடுவார்கள், கோழிக் கையோடு திறந்தது அதைத்தானே.

ஃப்ரிட்ஜில் பச்சை இறைச்சி எப்போதும் அடித்தட்டில். மேலே வைத்தால் சொட்டும் சாறு கீழே இருக்கும் கேக்கில் விழும்.

எங்கள் வறுவல் எப்போதும் தண்ணீர் விட்டு அவியல் மாதிரி ஆகிவிடுகிறது. ஏன்?

ஒரேயடியாக முழுக் கோழியையும் குவாலியில் கொட்டுகிறீர்கள், அதனால். இறைச்சி சிவந்து மணம் வர அதன் மேல்பக்கம் ஏறக்குறைய 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். மேலே தண்ணீர் இருக்கும்வரை 100 டிகிரியைத் தாண்டாது. குளிர்ந்த, ஈரமான கோழியை நிறையப் போட்டால் சட்டியின் சூடு இறங்கி, விட்ட தண்ணீர் ஆவியாக வழியில்லாமல் தேங்கி, அதிலேயே வேகும். வீட்டு அடுப்பின் தீ சீனக் கடை அடுப்பின் தீ இல்லை, அதற்கு ஏற்ற அளவுதான் போட வேண்டும்.

கிச்சன் பேப்பரால் கோழியை ஒற்றி எடுங்கள். சட்டி முதலில் நன்றாகக் காயட்டும், பிறகு எண்ணெய், எண்ணெயும் காய்ந்த பிறகு கோழி, இடைவெளி விட்டு, இரண்டு தவணையாக. போட்டதும் கிண்டாதீர்கள். கிண்டிக்கொண்டே இருப்பது நம் ஆட்களுக்கு ஒரு வியாதி. மீனும் அப்படித்தான், மேல்பக்கம் முறுகிவிட்டால் தானாகச் சட்டியை விட்டு வரும். வராத மீனைச் சுரண்டினால் தோல் சட்டிக்கு, சதை உங்களுக்கு.

கடைச் சாப்பாட்டு ருசி வீட்டில் வராததற்கு அஜினோமோட்டோதான் காரணமா?

சில கடைகளில் அதுவும் உண்டு. பெரும்பாலும் உப்பு. கடைசியில் மொத்தமாகப் போட்ட உப்பு குழம்பில் இருக்கும், கறித்துண்டுக்குள் இருக்காது. வெங்காயம் வதங்கும்போது கொஞ்சம், இறைச்சியில் முன்கூட்டியே கொஞ்சம், குழம்பு கூடியதும் மீதி. கூடவே கடைசியில் புளிப்பு. எல்லாம் சரியாக இருந்தும் சப்பென்று தோன்றினால் நாம் இன்னும் உப்பைத்தான் கொட்டுவோம். அடுப்பை அணைத்ததும் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்து பாருங்கள்.

இன்னொன்று, வெங்காயம். கடைகளில் அது பொன்னிறமாகும்வரை ஒருவர் நின்று வதக்குவார். நாம் கண்ணாடிப் பதத்திலேயே மசாலாத்தூளைப் போட்டுவிடுவோம்.

அப்புறம் ருசி பார்ப்பது. ஹோட்டலில் ஒவ்வொரு கட்டத்திலும் ருசி பார்க்காமல் சமைத்தால் திட்டு விழும், ஒவ்வொரு தடவைக்கும் சுத்தமான கரண்டி. நம் பாட்டிமார் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தது அதைவிடச் சுலபம், கரண்டி எச்சிலாகவே ஆகாது. கொதிக்கக் கொதிக்க நாக்கில் வைக்காதீர்கள், சூட்டில் உப்பே தெரியாது.

படையலுக்குச் செய்யும்போது ருசி பார்க்கக்கூடாதே, அப்போது?

தராசு. சமைத்து முடிந்தால் எவ்வளவு எடை வருமோ அதில் ஒரு கிலோவுக்கு 10 கிராம் உப்பிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வீட்டு நாக்குக்கு 9 சரியா 12 சரியா என்று சாதாரண நாளில் பார்த்து எழுதி வைத்துக்கொண்டால், படையல் அன்று ருசி பார்க்காமலேயே சரியாக வரும். கரண்டிக் கணக்கு வேண்டாம், ஒரு கரண்டி கல் உப்பும் ஒரு கரண்டி தூள் உப்பும் ஒரே எடை இல்லை.

சமையலறைக்கு ஒரே ஒரு கருவி வாங்குவதென்றால் கிராம் காட்டும் மின்தராசைத்தான் சொல்வேன். "ஒரு கப் மாவு" என்று எழுதுகிறார்களே, எந்தக் கப்? ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி. கடையில் விற்கும் அளவுக் கப் பெரும்பாலும் 250 மில்லி. அமெரிக்கக் குறிப்பில் வருவது சுமார் 240. ஆஸ்திரேலியக்காரர்களின் மேசைக்கரண்டி 20 மில்லி, மற்றவர்களுக்கு 15. அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோனதென்று கையைக் குறை சொல்வதற்கு முன்னால் கப்பைப் பாருங்கள்.

தீபாவளிக்கு அடுப்படியில் ஐந்து பெண்கள், ஓடி விளையாடும் பிள்ளைகள். சூடு படாமல் எப்படி?

வாயைத் திறந்து சொல்லுங்கள். ஹோட்டலில் ஒருவர் பின்னால் போகும்போது "பின்னால்!", சட்டி தூக்கும்போது "சூடு!", கத்தியோடு நடக்கும்போது "கத்தி!" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவோம். முதலில் சிரிப்பார்கள், ரெண்டு நாளில் பிள்ளைகளே சொல்வார்கள்.

சூடான பாத்திரத்தைக் காய்ந்த துணியால் பிடியுங்கள். ஈரத்துணி வழியாகச் சூடு நொடியில் கைக்கு ஏறும். சட்டிப் பிடிகள் அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. முறுக்கு எண்ணெய் 170 முதல் 180 டிகிரி இருந்தால் நல்லது. எண்ணெய் புகைய ஆரம்பித்தால் அடுப்பை அணைத்துவிடுங்கள். தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்து மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள். வேலை ஆரம்பிக்கும் முன்பே பொருந்துகிற மூடி ஒன்று அடுப்புப் பக்கத்தில் இருக்கட்டும். தீ எரியும்போது அலமாரியில் தேட முடியாது.

ஹோட்டல் பழக்கத்தில் வீட்டுக்கு வேண்டாதது எது?

நிறைய இருக்கிறது. இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், காய்க்குப் பச்சை என்று வண்ண வண்ணமாகப் பலகைகள்: வீட்டில் பச்சை இறைச்சிக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று போதும். மரமா பிளாஸ்டிக்கா என்பது உங்கள் விருப்பம், ஆழமாகக் கீறல் விழுந்தால் மாற்றிவிடுங்கள். தட்டில் சாஸைப் புள்ளிப் புள்ளியாக வைப்பது வேண்டாம். எல்லாவற்றிலும் வெண்ணெய் வேண்டாம். பிள்ளைகளிடம் செஃப் மாதிரிக் கத்துவது நிச்சயமாக வேண்டாம்.

வைத்துக்கொள்ள வேண்டியது, குப்பைக்கு மேசைமேல் ஒரு கிண்ணம், ஒவ்வொரு தோலுக்கும் குப்பைத்தொட்டிக்கு நடக்க வேண்டியதில்லை. காய்ச்சுகிற நேரத்தில் கழுவிவிடுவது. இறால் தலையையும் ஓட்டையும் எறியாமல் வறுத்து, தண்ணீர் ஊற்றி இருபது நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு வடிகட்டி வைப்பது, மீ கறிக்கு அந்தத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். துடைக்கும் துணியைத் தினமும் மாற்றுவது, ஏனென்றால் அடுப்படியிலேயே அழுக்கான சாமான் அதுதான்.

வீட்டிலிருந்தே முறுக்கு, கேக் ஆர்டர் எடுக்கிறேன். நானும் டிப்ளோமா படிக்க வேண்டுமா?

வேண்டாம். ஆனால் மலேசியாவின் 2009 உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி விற்பனைக்கு உணவு தயாரிப்பவர்கள் உணவு கையாள்பவர் பயிற்சி எடுத்து, டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். பயிற்சி சுகாதார அமைச்சு அங்கீகரித்த இடங்களில் நடக்கும், அரை நாள் வேலை. ஆர்டர் எடுக்காதவர்கள்கூட ஒருமுறை போய் உட்காரலாம், மேலே சொன்ன வெப்பக் கணக்கெல்லாம் அங்கே சொல்வார்கள்.

ஆசைப்பட்டு முறையாகப் படிக்க நினைத்தால் எஸ்கேஎம் என்கிற மலேசியத் திறன் சான்றிதழில் மூன்று நிலைகள் இருக்கின்றன, அதற்கு மேலே டிப்ளோமா. எஸ்பிஎம் என்கிற ஐந்தாம் படிவத் தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளைகளுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது, வீட்டில் யாராவது இருந்தால் விசாரிக்கச் சொல்லுங்கள். சேரும் முன் கட்டணத்தோடு சேர்த்து, சீருடை, கத்தி, காலணிக்குத் தனியாக எவ்வளவு ஆகும் என்றும் கேளுங்கள், அதை முதலிலேயே யாரும் சொல்ல மாட்டார்கள்.

டைபாய்டு ஊசி மூன்று வருடத்துக்கு ஒருமுறை. தீபாவளிக்கு முந்தின வாரம் கிளினிக்குக்கு ஓடாதீர்கள், அப்போது எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆள் நீங்கள்.